செம்பனைக் காட்டில் இறங்கிய இரண்டு சிப்பாய்கள்: பாராசூட் வீரர்கள் களத்தைத் தவறவிடுவது எப்படி?

மலேசியாவில் குளுவாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் தம்பி கேட்டிருப்பதை, நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். படைப் பயிற்சி நடந்த ஒரு காலையில் குதித்தவர்களில் பெரும்பாலோர் திடலிலேயே இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் திடலைத் தாண்டி உங்கள் செம்பனை நிரைக்குள் வந்து விழுந்தார்கள். ஒருவர் மட்டையில் சிக்கி, கையெல்லாம் கிழிந்து தொங்கினார். இன்னொருவர் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார். "பைலட் தப்பான இடத்தில் இறக்கிவிட்டான்" என்று சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொண்டார்களாம். அது உண்மையா, பாராசூட்டைத் திருப்பிக்கொண்டு திடலுக்கே போயிருக்க முடியாதா, இனி இப்படி நடந்தால் தோட்டத்துக்காரர்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைசியாக, ஜப்பான்காரன் காலத்தில் இதே குளுவாங்கிலிருந்து பாராசூட் சிப்பாய்கள் கிளம்பினார்கள் என்று தாத்தா சொன்னது நிஜமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

நான் பல வருஷம் பாராசூட் வீரனாக இருந்தவன். பிறகு கதவருகே நின்று மற்றவர்களைக் குதிக்க அனுப்பும் ஜம்ப்மாஸ்டராகவும் இருந்தேன். எனக்குப் பழக்கமானது வட்டப் பாராசூட்தான். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். களம், அதாவது இறங்கக் குறித்துவைத்த இடம், தவறிய இறக்கத்தைப் பார்த்தால் எல்லோரும் "எங்கே விழுந்தார்கள்" என்றுதான் கேட்பார்கள். அதைவிட முக்கியம், யாரோடு யார் விழுந்தார்கள் என்பது. விமானம் திடலுக்கு மேல் ஒருமுறை பறந்துபோவது ஒரு ஓட்டம். ஒரே கதவு வழியாக ஒரே ஓட்டத்தில் குதிக்கும் வரிசையை நாங்கள் ஸ்டிக் என்போம். முழு ஸ்டிக்கும் மொத்தமாகத் தள்ளி விழுந்திருந்தால் ஒரு காரணம். கடைசி ஆட்கள் மட்டும் தள்ளி விழுந்திருந்தால் வேறு காரணம். நடுவிலிருந்து ஒரே ஒருவன் தனியாகப் போயிருந்தால் அது இன்னொன்று. உங்கள் ஊர் விஷயத்தில் மற்றவர்கள் எல்லாம் திடலில் இறங்கியிருக்கிறார்கள். அதனால் "பைலட் இடத்தைத் தவறவிட்டார்" என்ற பேச்சு பெரும்பாலும் நிற்காது. பைலட் தவறவிட்டிருந்தால் அந்த ஓட்டத்தில் போனவர்கள் எல்லோரும் சேர்ந்தே தவறியிருப்பார்கள்.

இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். சி-130 ஹெர்குலிஸ் விமானம் வீரர்களை இறக்கும்போது ஏறக்குறைய 130 நாட் வேகத்தில் பறக்கும். வினாடிக்குச் சுமார் 67 மீட்டர். குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்ததும் ஒருவன் பின்னால் ஒருவனாக, வினாடிக்கு ஒருவர் கணக்கில் போவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் இறங்கும் இடத்துக்கும் இருபதாவது ஆள் இறங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆக எல்லாம் சரியாக நடந்தாலே அவர்கள் ஒரு புள்ளியில் விழமாட்டார்கள், ஒரு கோட்டில்தான் விழுவார்கள். திடலின் நீளத்துக்கு ஏற்ப எத்தனை பேரை ஒரே ஓட்டத்தில் விடலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். மீதிப் பேருக்கு விமானம் இன்னொரு சுற்று வரும். அந்தக் கணக்கில் மூன்று வினாடி எங்கேயாவது சிந்திவிட்டால், கோட்டின் வால் 200 மீட்டர் நீண்டுவிடும். திடலின் கடைசி முனைக்கு அப்பால் இருப்பது உங்கள் செம்பனை.

அந்த மூன்று வினாடி எங்கே போகும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். விமானத்துக்குள் இரைச்சல், வெக்கை, எண்ணெய் வாடை. முன்னால் ரிசர்வ் என்ற அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட், அதற்குக் கீழே தொடையோடு கட்டிய மூட்டை. அந்தச் சுமையோடு ஒருவன் நடப்பது நடையே இல்லை, இழுத்துக்கொண்டு போவதுதான். மேலே ஓடும் கம்பியில் மாட்டிய ஸ்டேட்டிக் லைன் என்ற பட்டை கூடவே வரவேண்டும். ஆள் வெளியே போனதும் பாராசூட்டை உறையிலிருந்து உருவி விடுவது அந்தப் பட்டைதான். கதவருகே ஒருவன் கால் இடறினால் போதும். அவனை நிமிர்த்தி, பட்டை கழுத்தில் சுற்றவில்லையே என்று ஒரு பார்வை பார்த்து அனுப்புவதற்குள் வெளியே நிலம் ஓடிவிடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. 1980களின் கடைசியில், வேறு மாநிலத்தில் ஒரு பயிற்சி. எனக்கு முன்னால் போனவன் கதவில் தடுமாறி ஒரு முழங்காலில் விழுந்தான். ஜம்ப்மாஸ்டர் அவன் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டார். பின்னாலேயே நான். பாராசூட் விரிந்து கீழே பார்த்தபோது பூட்ஸுக்குக் கீழே லாலான் புல் இல்லை. கோடு போட்ட மாதிரி ரப்பர் நிரை. முகத்துக்கு முன்னால் கையை மடக்கி, காலைச் சேர்த்து ஒட்டிவைத்துக்கொண்டேன். கிளை முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குலுக்கு. தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே மரத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்த மங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து நிரையில் வாளியோடு நின்ற ஒரு அம்மா, "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பால்வெட்டுக் கத்தியை எடுத்து, "இருப்பா, கயித்த அறுத்து விடுறேன்" என்றார். வேண்டாம்மா, அறுத்தால் தலைகீழாக விழுவேன் என்று கெஞ்சி நிறுத்தினேன். பிறகு ரிசர்வைத் திறந்து கீழே தொங்கவிட்டு, அதன் கயிறுகளைப் பிடித்து இறங்கினேன்.

அன்று மாலை நடந்ததுதான் எனக்குப் பாடம். ஒரு தாளில் திடலை வரைந்து, ஒவ்வொருவரும் இறங்கிய இடத்தைப் புள்ளி வைத்தார்கள். ஏழு புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தன. பிறகு வெற்றிடம். அதற்கப்பால் இரண்டு புள்ளிகள், அவனும் நானும். அந்த வெற்றிடத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும், யாரும் விளக்கவேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் இறங்கிய இருவரும் ஒரே ஸ்டிக்கின் கடைசி இருவராக இருந்தால், நடந்தது இதுதான் என்று நான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து காற்று. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஆனால் எவ்வளவு தள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. கணக்கு எளிது. குதிக்கும் உயரத்தை நூறு அடிக் கணக்கில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் கணக்கில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கினால் எத்தனை மீட்டர் தள்ளும் என்று வரும். 800 அடி, 10 நாட் காற்று என்றால் 240 மீட்டர். 1,000 அடி, 13 நாட் என்றால் 390 மீட்டர். அமெரிக்கத் தரைப்படை அமைதிக் காலப் பயிற்சிக்கு வைத்திருக்கும் தரைக்காற்று வரம்பு இந்த 13 நாட்தான். இந்தத் தள்ளலோடு, விமானத்தின் வேகத்தால் ஆள் முன்னோக்கி எறியப்படும் தூரம் ஒன்றும் உண்டு, சி-130க்கு ஏறக்குறைய 230 மீட்டர். இரண்டையும் சேர்த்துத்தான் விளக்கு எங்கே எரியவேண்டும் என்று முடிவுசெய்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அளந்த காற்றும் குதிக்கும்போது இருக்கும் காற்றும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நம் பக்கத்தில் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் விடிகாலையில் பனி மூடி ஒரு இலைகூட அசையாது. வெயில் ஏறினால் திறந்த திடல் சூடாகும், பக்கத்தில் செம்பனைக் காடு குளிர்ந்தே இருக்கும், காற்று கிளம்பும். தரையில் ஒரு திசை, ஐந்நூறு அடிக்கு மேலே வேறு திசை என்பதும் சாதாரணம். அதனால்தான் சின்ன பலூனை விட்டு மேல்காற்றைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் அது அந்த நிமிஷத்துக் காற்றுதான். காற்று தள்ளியிருந்தால் முழு வரிசையும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கும். எடை குறைந்தவன் மெதுவாக இறங்குவான், அதனால் கூடுதலாகப் போவான். தடித்தவன் சீக்கிரம் இறங்குவான், குறைவாகப் போவான். இரண்டு பேரை மட்டும் தனியாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போவது காற்றின் வழக்கம் இல்லை. ஆனால் அந்த இருவரும் வேறொரு சுற்றில் குதித்தவர்கள் என்றால் என் கணிப்பு மாறும். முதல் சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காற்று மாறியிருக்கலாம். உங்கள் கேள்வியில் அந்த விவரம் இல்லாததால், இந்த இடத்தில் மட்டும் சந்தேகத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

திருப்பிக்கொண்டு போயிருக்க முடியாதா என்று கேட்டீர்கள். தொலைக்காட்சியில் சுதந்திர தினத்துக்குக் கொடியோடு வந்து சொன்ன இடத்தில் இறங்குகிறார்களே, அது சதுரப் பாராசூட். இறக்கை மாதிரி பறக்கும், திரும்பும், வேகம் குறைக்கும். கூட்டமாகக் குறைந்த உயரத்தில் குதிக்கும் சாதாரணப் படைக்கு அது இல்லை. டி-10 போன்ற வட்டப் பாராசூட்டில் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. தோளுக்கு மேலே போகும் ரைசர் பட்டைகளில் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தால் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சரியும். பக்கத்தில் வருகிறவனோடு மோதாமல் இருக்க அது உதவும். முந்நூறு மீட்டர் திரும்பி வருவதற்கு உதவாது. பின்பக்கம் துளை வைத்துத் திருப்பக்கூடிய வட்டப் பாராசூட்டும் உண்டு. அதன் சொந்த வேகம் எட்டு, ஒன்பது நாட்தான். பத்து நாட் காற்றை எதிர்த்துத் திருப்பினால், முன்னே போவதற்குப் பதில் மெதுவாகப் பின்னுக்குத்தான் போவான். நேரமும் இல்லை. வினாடிக்கு ஏழு மீட்டர் அளவில் இறங்குகிறான், ஆயிரம் அடியிலிருந்து தரைக்கு முக்கால் நிமிஷம். அதில் நான்கு வினாடி பாராசூட் விரிவதற்கே போய்விடும். விரிந்ததா என்று அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று பார்த்து, மூட்டையைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிடுவதற்குள் மரம் வந்துவிடும்.

போர்க்களத்தில் இதே கணக்கு எப்படிச் சிதறியது என்பதற்கு நிறைய உதாரணம் உண்டு. 1943 ஜூலையில் சிசிலித் தீவில் இரவில் குதித்த அமெரிக்கர்களைப் பலத்த காற்று பல பத்து மைல்களுக்குச் சிதறடித்தது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் காற்றைவிட மேகமும் பீரங்கியும்தான் காரணம். கடற்கரையைத் தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்த விமானங்கள் ஒன்றையொன்று தவறவிட்டன. கீழிருந்து சுட்டதும் பைலட்டுகள் வேகத்தைக் கூட்டினார்கள், உயரத்தை மாற்றினார்கள். மெர்வில் பீரங்கித் தளத்தைப் பிடிக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் பட்டாளத்தில் சுமார் 600 பேர். அதன் தலைவர் டெரன்ஸ் ஆட்வே தாக்குதலுக்குப் புறப்பட்டபோது கூடவே இருந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். ஆனாலும் பிடித்தார்கள்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது பிலிப்பைன்ஸில் கொரெகிடோர் தீவு. 1945 பிப்ரவரி 16 அன்று அமெரிக்கர்கள் அங்கே குதித்தார்கள். குன்றின் உச்சியில் ஒரு அணிவகுப்புத் திடலும் சின்ன கோல்ஃப் மைதானமும்தான் களம், விளிம்பைத் தாண்டினால் செங்குத்துப் பாறையும் கடலும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆறிலிருந்து எட்டுப் பேரை மட்டும் விட்டார்கள். முதலில் குதித்தவர்கள் விளிம்புப் பக்கம் தள்ளப்படுவதைப் பார்த்ததும், விமானங்களைத் தாழப் பறக்கச் சொல்லி, விளக்குக்கும் குதிப்புக்கும் நடுவில் எண்ணும் வினாடிகளைக் கூட்டினார்கள். அடுத்த ஆட்கள் திடலில் இறங்கினார்கள். கதவில் நின்று எண்ணுகிறவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே தவறிய இறக்கத்திலிருந்து ஒரு புது முறை பிறந்திருக்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், 1952 பிப்ரவரியில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெலும் பள்ளத்தாக்கில் எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குதித்தார்கள். ஆப்பரேஷன் ஹெல்ஸ்பி என்று அதற்குப் பெயர். பெரும்பாலோர் திறந்த இடத்தைத் தவறவிட்டு மரத்தில் இறங்கினார்கள். இருந்தும் பெரிய சேதம் இல்லை. அதைப் பார்த்து, காட்டில் களம் தேடுவதைவிட மரத்திலேயே வேண்டுமென்று இறங்கி, கயிறு விட்டு இறங்கலாமே என்று முடிவுசெய்தார்கள். கொஞ்சகாலம் அப்படியே செய்தார்கள். அப்புறம் கிளை முறிந்தும் உயரத்திலிருந்து விழுந்தும் அடிபட்டவர்கள் அதிகமானதால் அது கைவிடப்பட்டது. ஹெலிகாப்டரும் வந்துவிட்டது. ஒருமுறை மரம் காப்பாற்றியதை வைத்து மரம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பியது தப்பு என்பது என் கருத்து.

அதிலும் செம்பனை வேறு ரகம். காட்டு மரத்திலோ ரப்பரிலோ கிளை பிடித்துக்கொள்ளும். செம்பனைக்குக் கிளை கிடையாது. மட்டை வளையும், பாராசூட் துணி வழுக்கும், ஆள் கொஞ்சநேரம் தொங்கிவிட்டுச் சட்டென்று இரண்டாவது தடவை விழுவான். மட்டையின் அடியில் இருக்கும் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தொங்கியவருக்குக் கையெல்லாம் கிழிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முகத்தைக் காப்பாற்றக் கையை முன்னால் மடக்கியதால்தான் அப்படி. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இனி நடந்தால் என்ன செய்வது? ஆள் தொங்கினால் கீழே நிற்காதீர்கள். கயிற்றை அறுக்காதீர்கள், துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். பேச்சுக் கொடுங்கள், அவர் பதில் சொல்கிறாரா பாருங்கள். தரையில் விழுந்து கிடப்பவர் முதுகு, கழுத்து வலி என்றால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், அசையாமல் வைத்திருங்கள். காற்று அடித்துத் துணி விரிந்து அவரைத் தரையோடு இழுத்தால் மட்டும், துணியின் பக்கம் ஓடிப்போய் ஓரத்தைப் பிடித்து மடக்கிவிடுங்கள், காற்று போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம் மின்கம்பி. பாராசூட் கம்பியில் விழுந்திருந்தால் யாரும் கிட்டே போகக்கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தவேண்டும். குலை வெட்டும் அலுமினியக் கம்பை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடும் நல்ல மனசுக்காரர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அந்தக் கம்பு கம்பியில் பட்டால் உயிர் போகும். உங்கள் மண்டோர்களிடம் (மேற்பார்வையாளர்களிடம்), ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டிலேயே இதை ஒருதரம் சொல்லிவையுங்கள்.

தாத்தா சொன்னது நிஜம். 1942 ஜனவரிக் கடைசியில் குளுவாங் ஜப்பானியர் கைக்குப் போனது. பிப்ரவரி 14 அன்று குளுவாங், கஹாங் விமானத் திடல்களிலிருந்து ஜப்பானியத் தரைப்படையின் பாராசூட் வீரர்கள் கிளம்பி, சுமத்ராவில் பலெம்பாங்கின் விமானத் திடல் பக்கமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கமும் குதித்தார்கள். அவர்களுக்கும் இதே கதைதான். துப்பாக்கிகளைத் தனிப் பெட்டிகளில் போட்டு வேறு பாராசூட்டில் இறக்கும் முறை அவர்களுடையது. ஆட்கள் சிதறி, பெட்டிகள் காட்டுக்குள்ளும் சதுப்பிலும் போய்விட, பலர் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும் மட்டும் வைத்துக்கொண்டு சண்டைபோட வேண்டியிருந்தது. தாத்தாவுக்கு அந்த நாள் காலை விமானங்கள் போன சத்தம் நினைவிருந்தால், தயவுசெய்து உட்காரவைத்துப் பேச்சைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். குளுவாங் பக்கத்திலிருந்து அதைப் பார்த்த தமிழர் ஒருவர் வாயால் சொன்னதை நான் இதுவரை கேட்டதில்லை.

இன்னும் மூன்று விவரம் கிடைத்தால் உங்கள் கேள்விக்கு முடிவாகச் சொல்ல முடியும். விமானம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, அந்த இருவரும் மற்றவர்களோடு ஒரே சுற்றில் குதித்தவர்களா, உங்கள் நிரை திடலின் நேர் கோட்டில் இருக்கிறதா அல்லது பக்கவாட்டில் இருக்கிறதா. அன்று வெளிக்காட்டில் வேலை செய்தவர்களில் யாராவது கவனித்திருப்பார்கள். கேட்டு இங்கேயே எழுதுங்கள் தம்பி, ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.